மகளுக்கு, வயது ஏழு

முனகுகிறது, ஆனால் நகரவில்லை, உள்ளங்கை நீளமே உள்ள அந்தப் பச்சைப் பொம்மை ரயில் இஞ்சின் தண்டவாளத்தின் மேல் நின்ற நிலையிலேயே, மூடிய டப்பாவுக்குள் அகப்பட்ட வண்டுபோல முனகிக்கொண்டிருக்கிறது, அதன் முதுகில் கை வைத்துப் பார்க்கிறேன், சுடுகிறது, எடுத்துவிட வேண்டும், இன்னும் சிறிது நேரம் விட்டால் உள்ளே மோட்டாரின் கம்பிச்சுருள் கருகிவிடும், அது தெரிந்தும் எடுக்காமல் நிற்கிறேன், பழைய இஞ்சினைப் புதிய டிஜிட்டல் மின்சாரத்தின் மேல் அப்படியே வைத்தால் இவ்வாறுதான் ஆகும், முன்னே போ, பின்னே போ என்று ஒரே நொடியில் ஆயிரக்கணக்கான முறை மாறி மாறி உந்தப்படும், எந்த உந்துதலுக்கும் முழுமையாகக் கீழ்ப்படிய அவகாசம் கிடைக்காமல் நின்ற இடத்திலேயே நடுங்கும், அந்த நடுக்கம்தான் முனகலாக வெளியே கேட்கிறது, முப்பது ஆண்டுகள் பாலிடெக்னிக் ஆய்வுக்கூடத்தில் மாணவர்களுக்கு மோட்டாரைப் பற்றி விளக்கிய நானே ஒரு மோட்டாரை வேண்டுமென்றே கருகவிடப் பார்க்கிறேன் என்றால், எனக்குக் கோபம் வந்திருக்கிறது என்றுதான் பொருள், இதை எழுதவே எனக்குத் தயக்கமாக இருக்கிறது, மன்னிக்க வேண்டும், ஐம்பத்தெட்டு வயதில் முதல்முறையாக ஒரு பொருளின் மேல் என் கோபத்தைக் காட்டுகிறேன், அதுவும் என் பொருளா, அண்ணனின் பொருளா, இறந்துபோன அப்பாவின் பொருளா என்று எனக்கே விளங்காத ஒரு பொருளின் மேல்.

அப்பா கஸ்பார், கப்பலில் இஞ்சின் அறை அதிகாரி, ஹாம்பர்க், ரோட்டர்டாம், யோகஹாமா என்று எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் ஒரு பொம்மை இஞ்சினோ இரண்டோ வாங்காமல் ஏறியதில்லை, முப்பது ஆண்டுகளில் நூற்றுப் பன்னிரண்டு இஞ்சின்கள் எங்கள் தூத்துக்குடி வீட்டின் மாடி அறைக்கு வந்து சேர்ந்தன, அறையை அடைத்து ஒரு பெரிய பலகை, அதன் மேல் வளைந்து வளைந்து ஓடும் பித்தளைத் தண்டவாளம், சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி, நான் அதைத் தொடக் கூடாது, அப்பா சொல்கிறார், ரெமி தொடலாம், பாப்பா தொடக் கூடாது, அவளுக்குக் கை வேர்க்குது, அவ விரல் பட்டா பித்தளையில களிம்பு ஏறிரும், உண்மைதான், என் உள்ளங்கை பிறந்தது முதலே ஈரம், பள்ளியில் பரீட்சைத் தாள் நனைந்துபோகும், கைக்குட்டையைத் தாளுக்கு அடியில் வைத்துக்கொண்டே எழுதியிருக்கிறேன், ஆனால் கடற்காற்றின் உப்பு என் விரல்களுக்கு முன்பாகவே தண்டவாளத்துக்கு வந்துவிடும், வாரம் ஒருமுறை துடைக்காவிட்டால் கறுத்துப்போகும், அதனால் அப்பா கப்பலில் இருக்கும் மாதங்களில் துடைக்கும் பொறுப்பு எனக்கு, கையுறை போட்டுக்கொண்டு, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால், மேசைக்கு அடியில் புகுந்து, நடுவில் வெட்டிவிட்ட ஓட்டை வழியாகத் தலையை நீட்டி, எட்டாத வளைவுகளுக்கு எக்கி எக்கித் துடைக்கிறேன், எனக்கு ஏழு வயது, பதினேழு வயது, இருபத்தேழு வயது, துணி மட்டும் மாறுகிறது, ரெமி அண்ணன் நாற்காலியில் அமர்ந்து, அந்த மூலையில விட்டுட்ட பாருட்டி, அங்கன இன்னொரு தடவ தேய், என்கிறார், பிறகு தண்டவாளத்துக்கு மின்சாரம் விடும் கறுப்புப் பெட்டியின் ஒற்றைத் திருகைத் திருப்புகிறார், தண்டவாளத்தின் மேல் எத்தனை இஞ்சின்கள் நின்றாலும் அத்தனையும் ஒரே நேரத்தில் நகர்கின்றன, ஒரே நேரத்தில் நிற்கின்றன, அப்பா விடுப்பில் வீட்டுக்கு வரும் இரண்டு மாதங்களும் இப்படித்தான், அம்மா எழுவதும், நாங்கள் உண்பதும், வானொலி பாடுவதும் ஓய்வதும் ஒரே திருகில், அப்போது அதை ஒழுக்கம் என்று எண்ணியிருந்தேன், பள்ளியில் கட்டுரைகூட எழுதிப் பரிசு வாங்கினேன்.

ஒரே ஒரு நாள் தொட்டேன், அதை மட்டும் நான் மறந்ததில்லை, ஏழு வயது, அம்மா எனக்கு வெள்ளைச் சட்டை போட்டுத் துறைமுக வாசலுக்கு அழைத்துச் செல்கிறார், சுங்கக் கொட்டகையின் நிழலில் அப்பா நிற்கிறார், பழுப்பாக, உயரமாக, எனக்குப் பாதி தெரியாதவராக, பெட்டியைத் திறந்து இந்தப் பச்சை இஞ்சினை எடுத்து என் இரு கைகளிலும் வைக்கிறார், இந்தா பாப்பா, ஒனக்குத்தான், என்கிறார், மேசைக்குப் பின்னால் இருந்த காக்கிச் சட்டைக்காரர் என் கன்னத்தைத் தட்டி, ரயில் ஓட்டத் தெரியுமா ஒனக்கு, என்று கேட்டுச் சிரிக்கிறார், முத்திரை குத்துகிறார், அந்த எடை, அந்தக் குளிர்ச்சி, சக்கரங்கள் உள்ளங்கையில் பதிந்த குறி, வீட்டுக்கு வந்ததும் அப்பா அதைத் திரும்ப வாங்கி, கைக்குட்டையால் என் வியர்வையைத் துடைத்துவிட்டு, அலமாரியில் வைத்துப் பூட்டினார், களிம்பு ஏறிரும் பாப்பா, பத்திரமா இருக்கட்டும், என்றார், பத்திரமாக இருக்கிறது என்றே நானும் ஐம்பது ஆண்டுகள் நினைத்திருந்தேன், அது என்னுடையது, பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான் என்று, தொடாமலே ஒன்று நம்முடையதாக இருக்க முடியும் என்று நம்பும் அளவுக்கு நல்ல பெண்ணாக வளர்ந்திருந்தேன்.

அப்பா சென்ற ஆண்டு ஆகஸ்டில் இறந்தார், கடைசி ஆறு ஆண்டுகள் படுக்கையில், அந்த ஆறு ஆண்டுகளைப் பற்றி நான் எழுதப்போவதில்லை, அண்ணன் சிங்கப்பூரிலிருந்து அடக்கத்துக்கு வந்து மூன்றாம் நாளே திரும்பினார், ஒரு மாதம் கழித்துத் தொலைபேசியில் அழைக்கிறார், ஏட்டி, அப்பா ஆண்டுத் திருப்பலிக்கு வாரேன், அதுக்குள்ள மாடியில கிடக்க ரயில் அத்தனையும் டிஜிட்டல் ஆக்கிரணும், ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர் குடுத்துட்டா போன்லயே தனித்தனியா ஓட்டலாம், இங்க எல்லாவனும் அப்பிடித்தான் வச்சிருக்கான், பெங்களூர்ல ஒருத்தன்ட்ட கேட்டேன், அவன் சொல்லுத ரேட்டுக்கு நெசமான ரயிலே வாங்கிரலாம் போல, நீதான் லேப்ல முப்பது வருசம் சால்டரிங் வச்சிட்டு இருந்தியே, நீயே பண்ணிரு, கைய கடிக்காம முடிஞ்சிரும், ஒனக்கும் பொழுது போவணும்லா. சரி அண்ணே, என்றேன், என் வாயில் அந்த இரு சொற்களும் எப்போதும் தயாராக இருக்கும், ஆனால் உள்ளே மகிழ்ந்தேன் என்பதையும் மறைக்கக் கூடாது, தொடலாம், எல்லாவற்றையும் தொடலாம், திறந்தே பார்க்கலாம்.

எப்படிச் சிக்கனமாக முடித்தாய் என்று பின்னர் பலர் கேட்டார்கள், விலை உயர்ந்த கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் பதிலாக மாணவர்கள் பயன்படுத்தும் ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகை ஒன்று, மின்சாரத்துக்குப் பழைய மடிக்கணினியின் சார்ஜர், இஞ்சினுக்கு ஒன்றாக விரல் நகம் அளவேயான டிகோடர், அதுதான் இஞ்சினுக்குள் அமர்ந்து தன் எண் அழைக்கப்படும்போது மட்டும் மோட்டாரை ஓட்டும், அதையும் ஒட்டுமொத்தமாக வெளியிலிருந்து தருவித்து, கம்பி இணைக்காத மலிவு வகையாகப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் நானே கம்பி பற்றவைத்தேன், பழைய இஞ்சின்களில் மோட்டாரின் ஒரு முனை உடம்போடு ஒட்டியிருக்கும், அதைப் பிரித்து இடையில் ஒரு சிறு பிளாஸ்டிக் துண்டைச் செருகாமல் டிகோடரை இணைத்தால் புகை வரும், முதல் மாதத்தில் நான்கு டிகோடர்களைப் புகையவிட்டேன், பிறகு மல்டிமீட்டர் வைத்து மூன்று முறை சரிபார்க்காமல் எதையும் தண்டவாளத்தில் ஏற்றியதில்லை, பதினொரு மாதங்கள், இடது கண்ணில் நீர் வடிய, கட்டைவிரலில் சூட்டுக் காயங்களோடு, அண்ணன் அனுப்பிய பட்டியலின்படி ஒன்று முதல் நூற்றுப் பதினொன்று வரை எண் கொடுத்தேன், பச்சை இஞ்சினை மட்டும் கடைசிக்கென்று தள்ளி வைத்தேன், ஆக, சிக்கனம் என்று அவர்கள் வியந்தது என்னைத்தான், கணக்கில் வராத ஒரே பொருள் என் கைகள், வேர்க்கும் அதே கைகள், இப்போது யாரும் களிம்பைப் பற்றிப் பேசவில்லை.

சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும், முதல் இஞ்சினின் அட்டைப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே நான்காக மடித்த கார்பன் நகல் ஒன்று, கப்பலிலிருந்து இறங்கும்போது சுங்கத்தில் எழுதிக்கொடுக்கும் அறிக்கைச் சீட்டு, மேலே அச்சடித்த எண், கீழே அப்பாவின் சாய்ந்த ஆங்கில எழுத்து, பொம்மை ரயில், ஒன்று, மகளுக்கு, வயது மூன்று மாதம், நான் பிறந்த ஆண்டு, அங்கேயே தரையில் அமர்ந்து அழுதேன், அப்பா எனக்காக வாங்கியிருக்கிறார், சொல்லத் தெரியாமல் இருந்திருக்கிறார் என்று எண்ணி அழுதேன், இரண்டாவது பெட்டியிலும் சீட்டு, மகளுக்கு, வயது ஒன்று, அப்போதும் அழுதேன், பத்தாவது பெட்டியில் அழுகை நின்றது, பொம்மைக்கும் பச்சிளம் மகளுக்கும் சுங்கக்காரர்கள் மனமிரங்கிக் கேள்வி கேட்காமல், வரி போடாமல் விட்டிருக்கிறார்கள், அப்பா அதைக் கண்டுகொண்டிருக்கிறார், அவ்வளவுதான், மூன்று, நான்கு, ஆறு, ஏழு, ஏழு வயதுச் சீட்டு இந்தப் பச்சை இஞ்சினுடையது, துறைமுக வாசலில் என் கையில் கொடுத்த அன்றைய தேதி, காக்கிச் சட்டைக்காரருக்குக் காட்டுவதற்காகத்தான் வெள்ளைச் சட்டை போட்டு என்னை அழைத்திருக்கிறார்கள் என்று ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் எனக்கு விளங்குகிறது, அடுத்த சீட்டைப் பிரிக்கிறேன், மறு ஆண்டுத் தேதி, மகளுக்கு, வயது ஏழு, அடுத்தது, ஏழு, அதற்கடுத்தது, ஏழு, அந்த நாளுக்குப் பிறகு எனக்கு வயது ஏறவே இல்லை, நான் பாலிடெக்னிக்கில் வேலைக்குச் சேர்ந்த ஆண்டின் சீட்டிலும் ஏழு, இரண்டாம் முறையாக என் திருமணப் பேச்சு முறிந்து, நான் மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்ட அந்த ஆண்டின் சீட்டிலும் எனக்கு வயது ஏழு. சீட்டுகளைத் தேதிவாரியாக ஒரு பிஸ்கட் டின்னில் அடுக்கினேன், எந்தத் தாள் கைக்கு வந்தாலும் அடுக்கி வைப்பது என் பழக்கம், யாரிடமும் சொல்லவில்லை, ரயில்கள் இங்கேயே இருக்கப்போகின்றன, நான் அவற்றோடு இருக்கப்போகிறேன், அது போதும் என்று என்னையே அமைதிப்படுத்தினேன்.

ஆண்டுத் திருப்பலிக்கு ஆறு நாள் இருக்கும்போது அண்ணன் வந்தார், கூடவே வெள்ளைக் காலணி அணிந்த ஒருவர், கொடைக்கானலில் ரிசார்ட் வைத்திருப்பவராம், நான் காபி கொண்டு மாடிப்படி ஏறும்போது அண்ணனின் குரல் கேட்கிறது, நூத்திப் பன்னெண்டு பீஸ் சார், எல்லாம் டிஜிட்டல், ரொம்ப சல்லிசா முடிச்சிட்டோம், உங்க லாபியில வச்சீங்கன்னா பிள்ளைங்க நகராதுங்க, அப்பா பேரும் நம்ம குடும்பப் பேரும் போட்டு ஒரு பலகை மட்டும் வச்சிருங்க, திருப்பலி அன்னைக்குச் சாயந்தரம் எல்லாருக்கும் ஓட்டிக் காட்டிட்டு மறுநாள் லாரியில ஏத்திரலாம். முடிச்சிட்டோம் என்றார், அந்த ஓம் என்ற விகுதியில் நான் இருக்கிறேனா என்று படியில் நின்று யோசித்தேன், ரிசார்ட்காரர் போன பிறகு அண்ணனிடம் கேட்டேன், எவ்வளவு மெல்லக் கேட்டேன் என்பதை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது, அண்ணே, ரயில் எல்லாம் இங்கயே இருக்கும்னு நினைச்சேன். அவர் சிரித்தார், நீ என்னட்டி பண்ணப்போற இதை வச்சு, சின்னப் பிள்ளையா நீ. அவர் குளிக்கப் போனார், நான் மாடிக்குப் போனேன், நூற்றுப் பன்னிரண்டாவதாக, இன்னும் திறக்காமல் வைத்திருந்த ஒரே இஞ்சினை, இந்தப் பச்சை இஞ்சினை, டிகோடர் இல்லாமலே எடுத்துப் புதிய மின்சாரத்தின் மேல் வைத்தேன், கருகட்டும் என்று, முனகுகிறது, சுடுகிறது, உள்ளங்கையில் சக்கரங்கள் பதிந்த அந்தக் குறி அரிக்கிறது, சின்னப் பிள்ளையா நீ, ஆமாம் அண்ணே, ஏழு வயது, கையெழுத்திட்டு முத்திரை குத்திய ஆவணம் இருக்கிறது, வார்னிஷ் கருகும் வாசனை மெல்ல எழுந்தபோதுதான் கை தானாகப் போய் அதைத் தூக்கியது, விரல் சுட்டது, ஆனால் இஞ்சின் பிழைத்தது, இதைக் கொன்று நான் யாருக்கு என்ன சொல்லிவிடப் போகிறேன்.

அதன் பிறகு ஐந்து நாட்கள் நான் செய்ததைக் கோபம் என்று பார்ப்பவர்கள் சொல்லமாட்டார்கள், அண்ணன் உறவினர் வீடுகளுக்குப் போன பகற்பொழுதுகளில் ஒவ்வொரு இஞ்சினையும் எடுத்து, பட்டியல்படி நான் கொடுத்திருந்த எண்ணை அழித்து, அதற்குரிய சீட்டின் எண்ணில் கடைசி நான்கு இலக்கங்களைப் புதிய எண்ணாக ஏற்றினேன், இரண்டு சீட்டுகளில் மட்டும் அந்த நான்கும் ஒன்றாகவே அமைந்துவிட்டன, அவை இரண்டும் சேர்ந்தே ஓடட்டும் என்று விட்டேன், தொழில் தெரிந்தவர் ஒருவர் வந்தால் ஒவ்வொன்றாக எண்ணைப் படித்துக் கண்டுபிடித்துவிட முடியும், அண்ணனுக்கு அந்தத் தொழில் தெரியாது, அவருக்குத் திருகத்தான் தெரியும், கடைசி நாள் பச்சை இஞ்சினைத் திறந்து, மோட்டாரின் முனையைப் பிரித்து, பிளாஸ்டிக்கைச் செருகி, கடைசி டிகோடரைப் பற்றவைத்தேன், அதற்கும் அதன் சீட்டு எண்ணே, கையுறை போடவில்லை.

திருப்பலி முடிந்த அன்று பிற்பகல் நான்கு மணிக்கு மாடியில் முப்பது பேர், பங்குத்தந்தை, ரிசார்ட்காரர், அப்பாவோடு கப்பலில் இருந்த தொபியாஸ் மாமா, அவருக்கு எண்பத்தாறு வயது, காது மந்தம், நாற்காலியோடு தூக்கி வந்திருந்தார்கள், தண்டவாளத்தில் பன்னிரண்டு இஞ்சின்கள் வரிசையாக நிற்கின்றன, விளக்குகள் எரிகின்றன, ஒன்றுகூட முனகவில்லை, அண்ணன் போனை உயர்த்திப் பிடித்து, இப்ப ஒண்ணாம் நம்பர் கிளம்பும் பாருங்க, என்று விரலை வைக்கிறார், எதுவும் கிளம்பவில்லை, இரண்டு, மூன்று, ஏழு, சார்ஜ் இல்லையோ, என்று யாரோ சொல்ல, ரயிலுக்கும் ஸ்ட்ரைக்கா, என்று இன்னொருவர் சொல்ல, சிரிப்பு, அண்ணன் என் பக்கம் சாய்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு, ஏட்டி, என்ன பண்ணி வச்சிருக்க. நம்பரை மாத்தியிருக்கேன் அண்ணே. என்ன நம்பர், சொல்லு. எல்லாம் அப்பா கைப்பட எழுதினதுதான், இதுல இருக்கு, நீங்களே வாசிச்சுப் பாருங்க, என்று பிஸ்கட் டின்னை இரு கைகளாலும் நீட்டினேன், பரிசளிப்பு விழாவில் தட்டை நீட்டும் மாணவியைப்போல.

அவர் ஒரு சீட்டை எடுத்துப் பிரித்தார், எண்ணைத் தேடியபடி ஆங்கிலத்தில் முணுமுணுத்தார், தொபியாஸ் மாமா காதுக்குப் பின்னால் கையைக் குவித்து, என்னலே வாசிக்க, தமிழ்ல சத்தமாச் சொல்லு, என்றார், முப்பது பேர் பார்க்கிறார்கள், அண்ணன் சொன்னார், பொம்மை ரயில், மகளுக்கு, வயசு ஏழு. அடுத்ததை எடுத்தார், வேகமாக, மகளுக்கு, வயசு ஏழு, அடுத்தது, அவர் குரல் தாழ்ந்துகொண்டே போனது, மாமா மட்டும் உடம்பு குலுங்கச் சிரித்தார், ஆமாய்யா, உங்கப்பன் அத்தனையும் பாப்பா பேரைச் சொல்லித்தான்யா இறக்குனான், ஒரு ஆபீசர் கேட்டேபுட்டான், என்ன கஸ்பார், உம்ம மகளுக்கு மட்டும் வயசே ஆவாதான்னு, அதுக்கு இவன் சொல்லுதான், கடல்ல இருக்கவனுக்கு வீட்டுல ஏது சார் நாளும் தேதியும்னு, ஆபீசர் அழுதுட்டான்யா. எல்லோரும் சிரித்தார்கள், மாமாவும் சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பியவர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார், அவரைப் பார்த்து மற்றவர்களின் சிரிப்பும் நின்றது, ரிசார்ட்காரர் தொண்டையைச் செருமி, அப்ப இதெல்லாம் தங்கச்சி பேர்ல வந்ததா சார், என்று கேட்டார். அதெல்லாம் சும்மா, கஸ்டம்ஸ் டூட்டிக்குப் பயந்து எழுதினது, என்றார் அண்ணன்.

ஆமா அண்ணே, சும்மாத்தான் எழுதியிருக்காங்க, என்றேன், என் குரல் எனக்கே புதிதாக இருந்தது, உயரவில்லை, நடுங்கவும் இல்லை, சும்மா எழுதினதுதான், சும்மாதான் நானும் துடைச்சேன், சும்மாதான் பதினோரு மாசம் சால்டர் வச்சேன், நம்ம வீட்டுல சும்மான்னா அது நான்தான், அதனால லாரி வேண்டாம்னு சொல்லிருங்க, ரயிலை நான் குடுக்க மாட்டேன். அண்ணன் முப்பது பேரையும் பார்த்தார், அவர் முகத்தில் முன்னே போவதா பின்னே போவதா என்று தெரியாத ஒரு நடுக்கம், அதை நான் அறிவேன், அதற்காக இரங்கவும் செய்தேன், ஆனால் டின்னை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். மேசைக்கு அடியில் குனிந்து புகுந்து நடு ஓட்டை வழியாக எழுந்தேன், ஐம்பத்தெட்டு வயது முழங்கால்கள் கடகடத்தன, சுற்றிலும் தண்டவாளம், சுற்றிலும் முகங்கள், பச்சை இஞ்சின் என் முன்னால் நிற்கிறது, அதன் முதுகில் வெறும் கையை வைத்தேன், சூடு இல்லை, முனகல் இல்லை, நின்றுகொண்டுதான் இருக்கிறது, ஆனால் தன் எண்ணுக்காகக் காத்து நிற்கிறது, என் போனில் அதன் எண்ணை அழுத்தினேன், என் உள்ளங்கைக்கு அடியிலிருந்து அது தானாக நழுவிப் போனது, அது நின்றிருந்த இடத்தில் பித்தளையின் மேல் என் விரல்களின் ஈரம் ஐந்து தடங்களாக மினுங்கியது, நாளைக்குள் அங்கே களிம்பு ஏறிவிடும், துணி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது, நான் துடைக்கவில்லை.